போதை மறுவாழ்வு மையத்தில் இருக்கும் தம்பிக்கு ஹெபடைடிஸ் சி: கல்லீரல் சிகிச்சையைத் தள்ளிப்போடத்தான் வேண்டுமா?

கேள்வி: கருங்கல் அக்கா

அனைவருக்கும் வணக்கம். கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். என் தம்பிக்கு 26 வயது. மார்த்தாண்டத்தில் ஓர் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை பார்த்தவன். வலி மாத்திரைகளை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளாக ஆளாகியிருந்தான் என்பது சென்ற ஓணத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிய வந்தது. ஒருவழியாக அவனே சம்மதித்து, மாவட்டத்திலுள்ள ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறான். இப்போது மூன்றாவது வாரம் நடக்கிறது.

சேரும்போது எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு போன வாரம் வந்தது. எச்.ஐ.வி. இல்லை. ஆனால் 'ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்' என்ற வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தார்கள். மைய நிர்வாகி எங்களை அழைத்து, முதலில் போதை தெளியட்டும், வெளியே போய் ஆறு மாதம் சுத்தமாக இருந்து காட்டட்டும், அதன் பிறகு கல்லீரலைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். உடன் தங்கியிருப்பவர்கள் பயந்தால் இடையிலேயே வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அவர் பொல்லாத மனிதர் அல்லர். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனபோது தம்பி தன் எவர்சில்வர் தட்டைத் திருப்பிக் காட்டினான். சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் இடத்தில் ஆணியால் 'எச்' என்று கீறியிருந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டுதான் காட்டினான். அம்மா வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அன்று காலையில் ஒருவரை வரவழைத்து எல்லாருக்கும் வரிசையாக முகச்சவரம் செய்திருந்தார்கள். தாடியில்லாத அவன் முகத்தைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகியிருந்ததால், அது ஒன்றுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

நிர்வாகி சொல்வதுபோல் காத்திருப்பதுதான் முறையா? இரண்டு சிகிச்சைகளையும் ஒரே காலத்தில் எடுத்தால் கல்லீரல் தாங்குமா? அவன் வீட்டுக்கு வந்தால் என் இரண்டு வயதுக் குழந்தையை அவனிடம் கொடுக்கலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஆசாரிப்பள்ளம் சாலை

சகோதரி, நான் ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர். மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டின் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும்.

'ஆன்டி எச்.சி.வி. ரியாக்டிவ்' என்றால் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரஸின் சி வகை எப்போதோ ஒரு காலத்தில் உடலுக்குள் வந்திருக்கிறது, உடலும் அதற்கு எதிர்ப்புரதம் உண்டாக்கியிருக்கிறது என்பது மட்டுமே. வந்த வைரஸ் இன்னும் இருக்கிறதா, போய்விட்டதா என்பதை அந்த வரி சொல்லாது. தொற்றியவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேர் வரை மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸை வெளியேற்றிவிடுகிறார்கள். அவர்களுக்கும் இந்தப் பரிசோதனை பல ஆண்டுகள் கழித்தும் 'ரியாக்டிவ்' என்றே காட்டும். ஆகவே உங்கள் தம்பிக்கு உடனடியாகத் தேவைப்படுவது, வைரஸ் இப்போதும் இரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் எச்.சி.வி. ஆர்.என்.ஏ. பரிசோதனை, 'வைரல் லோடு' என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். அதே இரத்தத்தில் பி வகைக்கான எச்.பி.எஸ்.ஏ.ஜி. பரிசோதனையையும் எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியதில் அதைப் பற்றிய பேச்சே இல்லை. சி வகைக்கு மருந்து கொடுக்கும்போது உள்ளே அடங்கிக் கிடக்கும் பி வகை கிளர்ந்தெழக்கூடும் என்பதால், அதைப் பார்க்காமல் மருந்தைத் தொடங்கமாட்டார்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் பி, சி இரண்டு வகைகளுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆசாரிப்பள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பொது மருத்துவப் புறநோயாளிகள் பிரிவில், இந்தத் திட்டத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். வைரஸ் இருப்பது உறுதியானால், ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்னும் கல்லீரல் நொதிகளின் அளவு, இரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கை, வயது ஆகியவற்றை வைத்தே கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணக்கிட்டுவிடுவார்கள். இறுகிச் சிரோசிஸ் ஆகியிராவிட்டால், இந்தத் திட்டத்தில் வழக்கமாகக் கொடுப்பது சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்ளாட்டஸ்விர் 60 மில்லிகிராம், நாளுக்கு ஒரு வேளை, 12 வாரம். அதாவது 84 நாள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இதில் குணமாகிறார்கள். முன்பு இதே நோய்க்குப் பல மாதங்கள் மருந்தை ஊசியாகப் போட்டுக் காய்ச்சலிலும் சோர்விலும் நோயாளிகள் துவண்ட காலத்தை நான் பார்த்திருக்கிறேன். 'முதலில் சுத்தமாக இருந்து காட்டு' என்ற பேச்சு அந்தக் காலத்து மிச்சம். மையத்தில் இருக்கப்போவதோ மூன்று மாதம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட முகச்சவரம். எல்லாருக்கும் ஒரே கத்தியா, ஆளுக்கு ஒரு புது பிளேடா? இதைத் தம்பியிடம் இன்றே கேளுங்கள். இது இரத்தத்தின் வழியாகப் பரவும் நோய். தட்டு, தம்ளர், ஒரே பாயில் உட்காருவது, தொடுவது, கட்டிப்பிடிப்பது ஆகிய எதனாலும் பரவாது. கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் ஒட்டிய கத்தியால் பரவும். உலர்ந்த பிறகும் அந்த வைரஸ் நாட்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. குழந்தையைத் தாராளமாக மாமனிடம் கொடுங்கள். சவரக்கத்தி, பல்துலக்கி, நகவெட்டி ஆகிய மூன்றை மட்டும் அவனுக்கென்று தனியாக வையுங்கள்.

பதில் 2: பால்வெட்டுக்காரன், குலசேகரம்

அக்கா, உங்கள் தம்பி இருந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். வெளியூரில் கட்டட வேலைக்குப் போன காலத்தில் ஊசிப் பழக்கம் வந்து சேர்ந்தது. பிறகு, ஊசி போதைக்கான ஏக்கத்தை அடக்க நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் பியூப்ரினார்ஃபின் மாத்திரைச் சிகிச்சையில் சேர்ந்தேன். அதில் இருக்கும்போதுதான் எனக்கும் சி வகை இருப்பது தெரிந்தது.

'அந்த மாத்திரையை நிறுத்தினால்தான் கல்லீரலுக்கு மருந்து' என்று என்னிடமும் ஒருவர் சொன்னார். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், அப்படி எந்த விதியும் இல்லை, அதை நிறுத்தி நீ மறுபடியும் ஊசிக்குப் போனால் இரண்டு சிகிச்சையும் வீணாகும் என்று சொல்லி, இரண்டையும் சேர்த்தே கொடுத்தார். கல்லீரல் பரிசோதனையை மட்டும் இடையிடையே எடுத்தார்கள். பியூப்ரினார்ஃபினுக்காக நான் தினமும் மையத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால், சி வகை மாத்திரைப் பாட்டிலையும் அங்கே இருந்த சிஸ்டரிடமே கொடுத்துவைத்தேன். ஒன்று நாக்குக்கு அடியில், இன்னொன்று தண்ணீரோடு. ஒரே வரிசையில் நின்று இரண்டும் முடிந்துவிடும்.

ஒரு பாட்டிலில் 28 மாத்திரை. இரண்டாவது பாட்டிலின் நடுவில் ஊர் திரும்பிவிட்டதால் மீதியை வீட்டில்தான் சாப்பிட்டேன். விடியற்காலை மூன்று மணிக்குத் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் தோட்டத்துக்குப் போய், பால் எடுத்து, ஷீட் அடித்துக் கயிற்றில் போட்டுவிட்டு வரும்போது ஒன்பதாகிவிடும். அதனால் கை கழுவ வைத்திருக்கும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே பாட்டிலை வைத்தேன். லேசான தலைவலி தவிர வேறு தொந்தரவு இல்லை. கடைசி மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து மறுபடியும் ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்தார்கள், அதில் இல்லை என்று வந்த பிறகுதான் குணமாகிவிட்டது என்று எழுதித் தந்தார்கள். மாத்திரை முடிந்ததுமே வேலை முடிந்தது என்று நினைத்து அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். உங்கள் தம்பியை விடாதீர்கள்.

இரண்டு விஷயங்களை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒன்று, குணமானவனுக்கும் இந்த நோய் மறுபடியும் வரும். அம்மைபோல் ஒருமுறை வந்தால் போதும் என்ற கதையில்லை. சி வகைக்குத் தடுப்பூசியும் இல்லை. இன்னொன்று, வளைகுடா மெடிக்கல், அதாவது அங்கே வேலைக்குப் போவதற்கு முன் எடுக்கும் மருத்துவப் பரிசோதனை. நம் மாவட்டத்தில் பாதி வீடுகளின் கனவு அந்த ஒரு சீட்டில்தான் தொங்குகிறது. அங்கே பார்ப்பது எதிர்ப்புரதத்தை. முழுக்கக் குணமான பிறகும் எனக்கு 'அன்ஃபிட்' என்றே வந்தது. ஆர்.என்.ஏ. இல்லை என்ற சான்றைக் காட்டியும் பயனில்லை. தம்பிக்கு அந்த எண்ணம் இருந்தால் ஏஜென்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே இதைத் தெரிந்துவைத்திருக்கட்டும்.

தட்டில் கீறியதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. எச்சிலால் பரவாத நோய்க்கு 'எச்' என்று கீறியிருக்கிறார்கள்.

பதில் 3: வேளிமலை மூலிகை

ஏற்கெனவே கல்லீரல் பலவீனமாக இருக்கும்போது இவ்வளவு மாத்திரைகள் தேவைதானா? நம் ஊரில் மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்து எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறார்கள். என் சித்தப்பாவே அப்படிக் குணமானவர். ஒரு மண்டலம் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே.

பதில் 4: ஆசாரிப்பள்ளம் சாலை

ஐயா, உங்கள் சித்தப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீராலும் உணவாலும் பரவும் ஏ வகையாகவோ ஈ வகையாகவோ இருந்திருக்கும். அவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே தீர்ந்துவிடும். பத்தியம் இருந்த காலத்தில் தீர்வதால் பெயர் மருந்துக்குப் போய்விடுகிறது. சி வகை அப்படியன்று. கண் மஞ்சளாகாமலே இருபது, முப்பது ஆண்டுகள் உள்ளிருந்து கல்லீரலை இறுக்கிவிடும். ஒரு மண்டலம் காத்திருப்பதற்குள் தம்பி மையத்தில் இருக்கும் நாட்களில் பாதி கரைந்துவிடும். கீழாநெல்லியைக் கொடுத்தே தீர வேண்டுமென்றால் சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள். ஒளித்துக் கொடுக்க வேண்டாம்.

பதில் 5: தக்கலை ஆலோசகர்

நான் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராகப் பணிபுரிகிறேன். சகோதரி குறிப்பிடும் மையம் அன்று. மையத்தின் பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை நாங்களும் இதையே செய்தோம். 'ரியாக்டிவ்' என்று வந்தால் ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுத்து, குணமான பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுவோம். அப்படிப் போனவர்களில் ஒருவர்கூட மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. பேருந்து நிலையத்தைத் தாண்டுவதற்குள் பழைய நண்பர்கள் எதிரே வந்துவிடுவார்கள். நான்கு சுவருக்குள் ஒருவர் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, யாரோ ஒருவர் கையால் மருந்து வாங்கிச் சாப்பிடும் நாட்கள் அவர் வாழ்க்கையிலேயே மிகக் குறைவு. அந்த நாட்களை விட்டுவிட்டு வேறு எந்த நாளில் சி வகைக்கு மருந்து கொடுப்பது என்ற கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. பழக்கம் விடாதவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடமாட்டார்கள் என்ற எண்ணமும் சரியில்லை. அண்மைக்காலம்வரை ஊசி பயன்படுத்திய 103 பேரை வைத்துப் பல நாடுகளில் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களில் 97 பேருக்குக் குணமாகியிருந்தது. பஞ்சாபில் 2016 முதல் மாவட்ட மருத்துவமனைகள் வழியாகவே இந்த மாத்திரைகளை இலவசமாகக் கொடுத்து வருகிறார்கள். பெரிய நகரத்துக்கு அலைய வேண்டிய கட்டாயம் அங்கே நீங்கியது.

எங்கள் சிக்கல் மருந்து கொடுப்பதில் இல்லை. அழைத்துப் போவதில் இருக்கிறது. ஒரு நோயாளியோடு ஓர் ஊழியர் ஒரு பகல் முழுவதும் மருத்துவமனையில் நின்றால், இங்கே இருபது பேருக்கு ஒரே ஆள். நிர்வாகி தயங்கியதன் காரணத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கும். வீட்டார் ஒருவர் கூட வருகிறோம் என்று நீங்களே முன்வந்து சொன்னால் அந்தத் தயக்கம் குறையும்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. மையத்தில் தம்பிக்குக் கொடுக்கும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, கல்லீரல் சிகிச்சை தரும் மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்புக்கும் மன எழுச்சிக்கும் கொடுக்கும் கார்பமாசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை சி வகை மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். மருந்து சாப்பிட்டும் குணமாகாமல் போகலாம். சிரோசிஸ் இருப்பவர்களுக்கு டக்ளாட்டஸ்விருக்குப் பதிலாக வெல்படஸ்விர் கொடுக்கும்போது, எங்கள் மையங்களில் மிட்டாய்போல் கொடுக்கப்படும் வயிற்று அமிலத்துக்கான பேன்டோப்ரசோலும் இடைஞ்சல் செய்யும். குடியையும் சேர்த்து விட வந்தவராக இருந்தால், குடிக்காமல் இருக்கக் கொடுக்கும் டைசல்ஃபிரம் கல்லீரலைப் பாதிக்கக்கூடியது. குடி நிறுத்திய முதல் நாட்களின் நடுக்கத்துக்கும், கல்லீரல் கெட்டவர்களுக்கு லோராசெபாம் போன்றவற்றையே விரும்பிக் கொடுப்பார்கள். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ கூடாது. இரண்டு மருத்துவர்களும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்தால் போதும். பெரும்பாலும் அது ஒன்றுதான் நடப்பதில்லை.

பி வகை இல்லை என்று வந்தால் அன்றைக்கே தடுப்பூசியைத் தொடங்கச் சொல்லுங்கள். இன்று இருபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் பலர் பிறந்தபோது அந்த ஊசி அரசுத் தடுப்பூசி அட்டவணையிலேயே இல்லை. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது.

தட்டில் அடையாளம் போட்டதையும் பயமுறுத்தி வெளியே அனுப்பப் பார்ப்பதையும் நான் நியாயப்படுத்தமாட்டேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. நோயாளியின் உடல்நிலைத் தகவல்களை இரகசியமாகக் காப்பது அதன்படி மையத்தின் கடமை. ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவதற்கு முன் ஒரு முறை நிர்வாகியோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். தம்பி இன்னும் இரண்டரை மாதம் அங்கேதான் இருக்க வேண்டும்.

கருங்கல் அக்கா (ஏழு வாரம் கழித்து)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, அலைச்சலாகிவிட்டது.

சவரக்கத்தியைப் பற்றித் தம்பியிடம் கேட்டேன். வந்தவர் மூன்று பிளேடு கொண்டுவந்தாராம். இருந்தவர்கள் பதினெட்டுப் பேர். ஆசாரிப்பள்ளம் ஐயா எழுதியதைத் தாளில் படியெடுத்துக்கொண்டு போய் நிர்வாகியிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. அந்த வாரமே எல்லாருக்கும் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இப்போது ஆளுக்கு ஒரு ரேசர், பெயரெழுதிய உறையில் இருக்கிறது. முடிவுகளைத் தனித்தனியாக அழைத்துச் சொன்னார்களாம். இன்னொருவருக்கும் 'ரியாக்டிவ்' என்று வந்திருக்கிறது. அது முன்பே இருந்ததா, இங்கே வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

தம்பிக்கு ஆர்.என்.ஏ. இருப்பது உறுதியானது. சிரோசிஸ் இல்லை. பி வகை இல்லை. முதல் தடுப்பூசியும் இரண்டாவதும் போட்டாகிவிட்டது. ஆலோசகர் ஐயா சொன்னபடி மாத்திரைப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அதில் கார்பமாசெபின் இருந்தது! மருத்துவர் மையத்தின் மனநல மருத்துவரோடு தொலைபேசியில் பேசி, அதைப் படிப்படியாக நிறுத்தி வேறொன்றுக்கு மாற்றி, அதன் தாக்கம் உடலைவிட்டு நீங்கும்வரை இரண்டு வாரம் காத்திருந்து, ஏழாம் வாரத்தில்தான் சி வகை மாத்திரையைத் தொடங்கினார். ஆகவே 84 நாள், 90 நாள் என்று போட்ட கணக்கு எங்களுக்குப் பொருந்தவில்லை. வெளியே வரும்போது சரிபாதி மாத்திரை மீதமிருக்கும்.

தட்டை மாற்றித் தருகிறோம் என்றார்கள். தம்பி வேண்டாம் என்று அதையே வைத்துக்கொண்டிருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா மீன்குழம்பும் மரச்சீனியும் கொண்டுபோய், அவனுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதே தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தின்றார்.

இன்னொரு கேள்வி உண்டு. அவன் வீட்டுக்கு வந்த பிறகு மீதி 42 நாளும் பட்டறை நேரத்துக்கு நடுவில் மாத்திரை தவறாமல் இருக்க என்ன செய்யலாம்? நான் புருஷன் வீட்டில் இருக்கிறேன். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

பால்வெட்டுக்காரன், குலசேகரம்

அக்கா, பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டாம். மறந்துவிடுவான், அல்லது யாராவது என்ன மாத்திரை என்று கேட்பார்கள். காலையில் சாப்பிட உட்காரும் நேரத்தையே வைத்துக்கொள்ளட்டும். பாட்டில் அம்மாவிடம் இருக்கட்டும். எழுத்து தெரிய வேண்டியதில்லை. 42 புளியங்கொட்டையை எண்ணி ஒரு டப்பாவில் போட்டுக் கொடுங்கள், மாத்திரை கொடுக்கும்போதெல்லாம் ஒன்றை எடுத்து வெளியே போடச் சொல்லுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டாகச் சாப்பிடக் கூடாது, ஒன்று மட்டுமே. கடைசிக் கொட்டை போன நாளை நீங்கள் காலண்டரில் குறித்து, அதிலிருந்து 12 வாரம் எண்ணிப் பரிசோதனைத் தேதியை எழுதிவிடுங்கள். அன்றைக்கு நான் ஆசாரிப்பள்ளம் வர வேண்டுமென்றாலும் வருகிறேன். பியூப்ரினார்ஃபின் சீட்டுக்கு எனக்கும் அங்கே வேலை இருக்கிறது.